இருட்டில் கடைசியாக நடப்பவள்

காரின் விளக்கை அணைத்தேன். என் தைரியமும் அதோடு சேர்ந்து அணைந்துபோனது.

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, தோப்புக்குள் போகும் ஒற்றையடிப் பாதையின் வாயில் நின்றேன். ஒரு கையில் வயர்கூடை, இன்னொரு கையில் கழி. காலில் என் கணவருடைய பழைய ரப்பர் பூட்ஸ். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டும் கொளகொளவென்று இருந்தது. இடுப்பில் டார்ச் செருகியிருந்தேன். ஆனால் அதைப் போடக் கூடாது.

இதே பாதையில் எத்தனையோ சனிக்கிழமைகள் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு முன்னால் இரண்டு பேர் நடந்தார்கள். அன்றைக்கு யாரும் இல்லை. எதிரே இருட்டுதான் இருந்தது. முதல் நாள் பெய்த மழையின் மிச்சம் தைல மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பயந்தேனா என்று கேட்காதீர்கள். வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

எது வேட்டை?

போன வாரம் இந்தப் பத்தியில் மாமனாரின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, "அடுத்த வாரம் யார் மானத்த வாங்கப் போறே?" என்று கேட்டார். இந்த வாரமும் அவர் வருகிறார். இப்போதே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

எங்கள் ஜோகுபாளையத்து வீட்டில் வேட்டைக்காரர் என்றால் அது மாமனார் ஒருவர்தான். தடை வருவதற்கு முந்தைய காலத்தில், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த தன் அப்பாவோடும் அவருடைய சிநேகிதர்களோடும் ஜீப்பில் போய்வந்தவர். கரண்ட் போனால் போதும், அந்தக் கதைகள் ஆரம்பமாகிவிடும். கதைக்குக் கதை பன்றியின் எடை கூடிக்கொண்டே போகும்.

நான் புற்றுக் காளான் தேடிப் போக ஆரம்பித்ததும், அதை வேட்டை என்று சொல்லிக்கொண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஓடுறதப் புடிச்சாதாம்மா வேட்டை. காளான் எங்க ஓடும்? அதுக்குப் பேரு காய்கறி வாங்கறது."

"இருட்டுல நடந்து போய்த்தானே மாமா எடுக்கணும்? டார்ச்கூடக் கெடையாது."

"நாங்க நடக்காத இருட்டா? பயம்னா என்னன்னே தெரியாது எனக்கு."

அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. காளானைச் சமைத்து முன்னால் வைத்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

மேடம் இல்லாத இடம்

அடுகோடிப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்பவர் சாவித்திரி. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஆனேக்கல் தாண்டி ஒரு கிராமத்துக்காரர். கிராமத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஒரு நாள் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்ததும் மிளகு வாசனை அறை முழுக்கப் பரவியது. மட்டன் என்று நினைத்தேன். ஒரு வாய் கொடுத்தார். அது மட்டன் இல்லை, மட்டனைவிட நன்றாக இருந்தது.

"அணபெ, மேடம். காளான். புத்துப் பக்கத்துல வரும்ல, அது."

"எங்க கெடச்சுது?"

சாவித்திரி கையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்து வீசினார். "ஆ கடெ." கன்னடத்தில் அந்தப் பக்கம் என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே ஓசூர் ரோடு முழுக்க டிராபிக்.

விடாமல் கேட்டுக் கேட்டு அவர் வாயைக் கிளறினேன். கடைசியில், "வேணும்னா சனிக்கிழமை வாங்க. ஆனா அங்க நான் மேடம்னு கூப்பிட மாட்டேன்" என்றார். அப்படியே செய்தார். ஆபீசில் நான் அவருக்கு மேடம். தோப்புக்குள் காலை வைத்த நொடியிலிருந்து நான் வெறும் 'நீ'. அவர் எனக்கு அக்கா.

சாவித்திரி, அவருடைய நாத்தனார் மஞ்சுளா, நான். எங்கள் கோஷ்டி இவ்வளவுதான். வனத்துறையின் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், தைல மரமும் புதரும் மேடுமாகக் கிடக்கும் ஊர்ப் பொது இடம் அது. ஊரில் எல்லாரும் அதைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். இருட்டில் போய்ப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் புற்று ஓரங்களில் மொட்டு மொட்டாக முளைக்கும். வெயில் ஏறிக் குடை விரிந்துவிட்டால் ருசி போய்விடும். அதனால் வெளிச்சம் வரும்போது நாம் புற்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு இருட்டிலேயே நடந்தாக வேண்டும். விளக்கு கூடாது. மேட்டின்மேல் ஒரே ஒரு டார்ச் தெரிந்தால் போதும், ஊரில் இருக்கும் அத்தனை கூடைகளும் அங்கே வந்துவிடும்.

இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. யார் புற்றைக் கண்டார்களோ அவர்கள் ஒரு தழையை ஒடித்து அதன்மேல் போட வேண்டும். தழை கிடந்தால் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். அடுத்தது, எங்கே கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. என்னைப் போல் தெரியாதவர்கள் கேட்டால் பதில் 'ஆ கடெ'தான்.

சாவித்திரிக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. மஞ்சுளாவுக்குக் கன்னடம் மட்டும்தான். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் அச்சில் ஏற்றுகிறேன்.

முதுகுக்குப் பின்னால்

மூன்று பேர் நடந்தால் சாவித்திரி முதலில், மஞ்சுளா நடுவில், நான் கடைசியில். இருட்டில் முன்னால் நடப்பதற்குத்தான் தைரியம் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கடைசியில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும்.

முன்னால் போகிறவருக்குப் பாதையைப் பார்க்கும் வேலை இருக்கிறது. நடுவில் போகிறவருக்கு இரண்டு பக்கமும் ஆள். கடைசி ஆளுக்கு முதுகு மட்டும்தான். சருகில் என்ன விழுந்தாலும் அது என்னைத்தான் பின்தொடர்கிறது என்று தோன்றும். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. திரும்பிப் பார்த்த நேரத்தில் முன்னால் போகிறவர்கள் மறைந்திருப்பார்கள். சிலந்தி வலை முகத்தில் அப்பும். அலறக் கூடாது. யானை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வனத்துறையிலிருந்து ஊருக்கு முன்கூட்டியே போன் வந்துவிடும் என்பார் சாவித்திரி. யானையிடம் போன் இல்லையே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஆனாலும் அந்த நடை பிடித்துப்போனது. கண் உதவாது என்று தெரிந்ததும் காதும் மூக்கும் பாதமும் விழித்துக்கொள்ளும். எங்கே மண் இளகியிருக்கிறது, எங்கே பாறை ஆரம்பிக்கிறது என்று பூட்ஸுக்குள்ளிருந்தே தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே வாழ்கிற எனக்கு இப்படி ஒரு உடம்பு இருப்பதே அங்கேதான் தெரிந்தது. வாரம் முழுக்க அந்தச் சனிக்கிழமைக்காகவே காத்திருப்பேன்.

மூன்று பருவம் போனேன். நானாக ஒரு புற்றைக்கூடக் கண்டதில்லை. அவர்கள் கண்டதில் எனக்கும் பங்கு கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வேன். மனதுக்குள் சுருக்கென்று இருக்கும்.

கணவர் வைத்த வேட்டு

என் கணவர் மோகன் நல்லவர். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைக்காமல் அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

போன பருவம் முழுக்க அவர்தான் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். நாங்கள் திரும்பும்வரை ஏரிக்கரையில் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார். இந்த வருஷம் முதல் மழைக்குக் கூடை நிறைந்தது. மூன்று பேரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். எடுத்ததோடு நிறுத்தினாரா? 'என் மனைவி காட்டு ராணி' என்று எழுதி, இடத்தின் மேப்பையும் சேர்த்து, சொந்தக்காரர் குரூப், பழைய காலேஜ் குரூப், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குரூப் என்று ஒன்று விடாமல் அனுப்பிவிட்டார்.

அடுத்த மழைக்கு நாங்கள் போனபோது ஏரிக்கரை முழுக்கக் கார்கள். நெற்றியில் விளக்குக் கட்டிய பையன்களும் பெண்களும் மேடெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாவித்திரியின் அம்மா காலத்திலிருந்து எடுத்துவந்த புற்றைக் குச்சியால் கிளறிப் போட்டிருந்தார்கள். தழை கிடந்த இடத்தையும் விடவில்லை. அவர்களுக்குத் தழை என்றால் வெறும் தழைதான்.

சாவித்திரி கிளறிய மண்ணைக் காலால் புற்றோடு ஒதுக்கிவிட்டுத் திரும்பி நடந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை, "குட் மார்னிங், மேடம்" என்றார். எப்போதும் போல ஃபைலை வைத்துவிட்டுப் போனார். டீ குடிக்கும் இடத்தில் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல மேடம். காடு என்ன எங்க அப்பன் வீட்டு சொத்தா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு என்னை வெட்டிப் போட்டது.

வந்த கூட்டம் இரண்டு மழைக்குள் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டது. அதன்பின்னும் இடி இடித்தது, மழை பெய்தது, என் போன் மட்டும் அடிக்கவில்லை. வா என்று நான் உத்தரவு போட முடியுமா? ஆபீசில் என் கையெழுத்து இல்லாமல் அவருக்கு லீவு கிடையாது. அந்தக் கையெழுத்துக்கு ஏரிக்கரையைத் தாண்டி மதிப்பில்லை. கூடவே வந்து பங்கு வாங்கிக்கொண்டு, ஊரையும் கூட்டிவந்தவள் என்று அவர்கள் கணக்கில் நான் முடிந்துபோனேன். இந்தப் பருவத்துக்குள் நானாக ஒரு புற்றைக் கண்டு, கூடையோடு அவர்கள் முன்னால் போய் நின்றால்தான் உண்டு. இல்லாவிட்டால் அந்த இருட்டு எனக்கு இனி இல்லை.

மோகனோடு நான் எத்தனை நாள் பேசவில்லை என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பத்தடி தூரம்

தனியாகப் போவது என்று முடிவு செய்த அன்று சாயங்காலம் மாமனாரிடம் போய் உட்கார்ந்தேன்.

"கேலி பண்ணாம சொல்லுங்க மாமா. நெஜமாவே உங்களுக்குப் பயமா இருக்காதா?"

பேப்பரை மடித்தார். கூடத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"தோள்ல துப்பாக்கி இருந்தா இருட்டு கிட்டயே வராதும்மா. ஒருதரம் அத ஜீப்புலயே வச்சிட்டு ஒண்ணுக்குப் போனேன். பத்தடிகூட இருக்காது. அப்பதான் காடு எவ்ளோ பெரிசுன்னு தெரிஞ்சுது. போன வேலையும் ஆகல, ஒண்ணும் ஆகல, ஓடி வந்துட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

"பன்னி வந்தா ஓடாத. அசையாம நில்லு. அது தன் வழியில போயிடும்" என்றார். பிறகு, "இத எங்கயும் எழுதித் தொலைக்காத" என்றார். அந்த இரண்டாவதை மட்டும் நான் கேட்கவில்லை.

சாவியை மறுபடி பைக்குள்

ஆக, அன்று பாதை வாயில் நின்றபோது என்னிடம் துப்பாக்கியும் இல்லை, ஜீப்பும் இல்லை. பத்தடிக்குப் பயந்து ஓடிய மாமனாரை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தேன்.

எங்கே போக வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை இருந்தது. பாதையில் ஒரு இடத்தில் பெரிய பாறையைச் சுற்றி வளைவு வரும். ஒவ்வொரு பருவமும் மழைக்கு மறுநாள் அந்த வளைவில், மற்ற இருவரும் கடந்து போன பிறகு, இடதுபக்கத்திலிருந்து லேசாக ஒரு வாசனை என் மூக்கில் பட்டிருக்கிறது. ஈர மண்ணும் புதிதாக இடித்த பச்சரிசி மாவும் கலந்தமாதிரி. முன்னால் போகிறவர்கள் பழைய புற்றுக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பார்கள். கடைசியில் பயந்து பயந்து நடந்த எனக்கு மட்டும்தான் மூச்சை இழுத்துவிட நேரம் இருந்தது. நின்று பார்த்தால் தனியாகிவிடுவேன் என்று அப்போதெல்லாம் ஓடியிருக்கிறேன்.

அன்றைக்கு ஏற்கனவே தனிதான். வளைவில் நின்றேன். வாசனை வந்தது.

இடதுபக்கம் பாதை இல்லை. கழியால் தட்டித் தட்டிப் புதருக்குள் இறங்கினேன். முள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச தூரம் போயிருப்பேன். எதிரே கிளை ஒடியும் சத்தம். பிறகு உறுமல். ஒன்றல்ல, நிறைய.

பன்றிகள்.

கை தானாக டார்ச்சுக்குப் போய்விட்டது. பொத்தானில் விரலும் வைத்துவிட்டேன். போட்டால் அவை ஓடலாம், என்மேலும் ஓடலாம். ஒன்று நிச்சயம். மேட்டின் அந்தப் பக்கம் சாவித்திரியும் மஞ்சுளாவும் இந்நேரம் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் அந்த வெளிச்சம் படும். காட்டு ராணி மறுபடி விளக்கோடு வந்துவிட்டாள் என்று நினைப்பார்கள். பன்றி குத்தினால்கூட ஆஸ்பத்திரியில் தையல் போட்டுவிடலாம். இதற்குத் தையல் கிடையாது.

விரலை எடுத்தேன். ஒரு தைல மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று மிக அருகில் வந்தது. அதன் மூச்சின் சூடான நாற்றம் வந்தது. நான் மூச்சு விடவில்லை. அது ஏதோ யோசிப்பதுபோல் நின்றது. பிறகு சலிப்போடு ஒரு உறுமல் உறுமிவிட்டு, மற்றவற்றோடு பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது.

அவை போனதும் அந்த மாவு வாசனை குப்பென்று அடித்தது. பன்றிகள் கிளறிவிட்ட புது மண்ணிலிருந்து வந்தது.

நாலு காலில் தவழ்ந்துதான் போனேன். வானம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புற்று. அதன் ஒரு ஓரத்தைத்தான் பன்றிகள் கிளறியிருந்தன. மீதி இடம் முழுக்க, எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிக்கும் பெரிய ஜமக்காளம் அளவுக்கு, வெள்ளை வெள்ளையாக மொட்டுகள். மண்ணை முட்டித் தள்ளிக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தன. என் காளான். நான் கண்டது. எனக்கு யாரும் காட்டாதது.

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தக் கூடாது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு, அந்தக் கொளகொள பூட்ஸோடு புற்றைச் சுற்றி ஆடினேன். ஐம்பதைத் தொடப்போகிற, சம்பளப் பிரிவின் தலைவி. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

பிறகு ஒரு தழையை ஒடித்து, புற்றின்மேல் வைத்தேன். அப்போது கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆ கடெ

காளான் தேடுகிறவர்கள் எல்லாரும் திரும்பும்போது கூடுவது ஏரிக்கரை டீக்கடையில்தான். சாவித்திரியும் மஞ்சுளாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கூடையில் அடிமட்டும்தான் மூடியிருந்தது. கூடை நிறைந்து, மிச்சத்தைத் துப்பட்டாவில் மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நான் வந்தேன். பூட்ஸெல்லாம் சேறு, தலையெல்லாம் சருகு.

கூடையைப் பெஞ்சில் வைத்து, டீ சொன்னேன்.

சாவித்திரி ஒரு மொட்டை எடுத்தார். மண்ணைத் தட்டி முகர்ந்தார். காம்பைப் பார்த்தார்.

"ஒப்பளேனா?" என்றார். தனியாகவா?

"ஆமா அக்கா."

"டார்ச்?"

"போடல. பன்னி வந்துது. அப்பவும் போடல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, யாரையும் கேட்டே இராத அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டார். "எல்லி சிக்து?" எங்கே கிடைத்தது?

மூன்று பருவமாக அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் என்னிடம் பத்திரமாக இருந்தது. டீ டம்ளர் பிடித்த கையைத் தூக்கி, ஏரி, மேடு, தோப்பு, வானம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வீசு வீசினேன்.

"ஆ கடெ."

மஞ்சுளாவுக்கு டீ புரையேறிவிட்டது. டீக்கடைக்காரர் பாத்திரத்தைத் தட்டிச் சிரித்தார். கடைசியாக சாவித்திரியும் சிரித்தார். என்னை வெட்டிப் போட்ட சிரிப்பு இல்லை. என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று வீட்டில் மிளகுபோட்டு வறுத்தேன். மாமனார் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை, எதிர்வீட்டுக்காரரிடம் அவர் சொல்வது மாடியிலிருந்த என் காதில் விழுந்தது.

"எங்க மருமக வேட்டைக்குப் போறா, தெரியுமா? என்கிட்ட இருந்து வந்தது அது."

அடுத்த இடிக்கு என் போன் அடித்தது. சனிக்கிழமை விடியலில் பாதை வாயில் மூன்று பேரும் நின்றோம். சாவித்திரி ஒதுங்கி வழி விட்டார்.

"நீ முன்னாடி நட. நடுவுல மஞ்சுளா. கடைசி கஷ்டம், நான் வர்றேன்."

கடைசி கஷ்டம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கழியை ஊன்றி முன்னால் நடந்தேன். இருட்டு முகத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. பின்னால் இரண்டு பேரின் காலடி கேட்டது. அவ்வளவு நிம்மதியான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

பாறை வளைவு வந்தது. கடைசியில் வந்த சாவித்திரி சட்டென்று நின்றார். மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது.

"என்னமோ வாசன அடிக்குதே..."

"மழ வாசன அக்கா. வாங்க, விடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, நான் வலதுபக்கம் திரும்பினேன்.